கிட்டாரை எங்கே செருகுவது?

வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்கிறவர்கள் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றி ப்ரீஆம்பில் வந்து நிற்கும். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கிலான மெலிந்த சிக்னல். அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் அளவுக்குத் தூக்கிவிடுவது ப்ரீஆம்பின் வேலை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் பெரும்பாலும் அது உள்ளேயே இருக்கிறது. அது போதாது, தனியாக ஒன்று வாங்கு என்பார்கள். விலையோ இன்டர்ஃபேஸின் விலையைப் போலப் பல மடங்கு. பணத்தை எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் ரெக்கார்ட் செய்வதிலேயே மெல்லிய ஒலி எது, அதை எந்த மைக்கில் பிடிக்கிறீர்கள்?

1965இல் வந்து இன்றும் விற்கும் ஷூர் எஸ்எம்57 மைக்கையே எடுத்துக்கொள்வோம். 94 டெசிபல் ஒலிக்கு அது தருவது சுமார் 1.6 மில்லிவோல்ட். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் 114 டெசிபல் சர்வசாதாரணமாக வரும். மைக் 16 மில்லிவோல்ட் தரும். 35 டெசிபல் கெய்ன், அதாவது அவ்வளவு உயர்த்தல், தாராளம்; எந்த இன்டர்ஃபேஸும் இதைச் சமாளிக்கும். அதே மைக்கை, விரலால் மென்மையாக வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஓர் அடி தள்ளி வையுங்கள். 74 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் கையில் கிடைப்பது 0.16 மில்லிவோல்ட். அதை ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல் உயர்த்த வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை தரும் கெய்ன் 56 டெசிபல். நான்காம் தலைமுறை 69 தருகிறது. நல்ல ப்ரீஆம்ப் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான்.

அப்போது பார்க்க வேண்டிய எண் இஐஎன், ப்ரீஆம்ப் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு. மைனஸ் 128 டிபியூ என்று இருந்தால் மிக நல்லது. 150 ஓம் மைக் ஒன்றின் சுருள், வெறும் அறை வெப்பத்தால் எழுப்பும் இரைச்சலே மைனஸ் 131. எத்தனை லட்சம் கொட்டினாலும் மிச்சம் இருப்பது அந்த 3 டெசிபல்தான். கன்டென்சர் மைக் வாங்கினால் அந்தக் கவலையும் வேண்டாம். ரோடு என்டி1-ஏ மைக் 94 டெசிபலுக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது. பிறகு உங்கள் எதிரி, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன்.

பேஸ் கிட்டாரின் சங்கதி வேறு. வீட்டில் அதற்குப் பெரும்பாலும் மைக்கே வேண்டாம். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைக்காமல் நேரடியாகப் பதிவானது. அந்த ஒலிக்கு இன்னும் உலகம் ஏங்குகிறது. நேரடியாகச் செருகும்போது எந்த இன்புட்டில் செருகுகிறோம் என்பதுதான் முக்கியம். பேட்டரி இல்லாத பேஸிலும் எலெக்ட்ரிக் கிட்டாரிலும் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கில் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. உயர்ந்த அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 100 கிலோ ஓமைத் தாண்டும். மைக் இன்புட்டின் இம்பீடன்ஸோ 2, 3 கிலோ ஓம். அங்கே செருகினால் சத்தம் அமுங்கிப்போகும். ஸ்ட்ரிங்கை விரல் சுண்டும் அந்த 'டக்' காணாமல் போகும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்றொரு பட்டன் இருக்கும். அழுத்தினால் இன்புட் 1 மெகா ஓம் அளவுக்கு உயரும், 'டக்' திரும்பி வரும். ப்ரீஆம்பை மாற்ற நினைக்கும் முன் இந்தப் பட்டனைப் பாருங்கள். அது இல்லாவிட்டால், கிட்டார் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸ் போதும்.

விலையுயர்ந்த ப்ரீஆம்ப் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073 ப்ரீஆம்பின் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, தாழ்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் திணறும். அந்தத் திணறல் ஒலிக்கு ஒரு கனத்தைச் சேர்க்கிறது. 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பேஸில் அது நன்றாகவே காதில் விழும். அந்தக் கனத்துக்காக டிஐ பாக்ஸ் வழியே டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீஆம்புக்குப் போகிறவர்கள் தெரிந்தே செலவழிக்கிறார்கள்.

ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அந்தக் காசு கரைந்துபோகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; எர்த் சரியில்லாவிட்டால் அது உறுமலாக ஒலியில் கலந்துவிடும். பேஸின் தடித்த ஸ்ட்ரிங்கில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். உறுமல் அந்த ஸ்வரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈக்யூவில் வெட்டினால் வாசிப்பும் சேர்ந்து போய்விடும். முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால், குற்றவாளி ப்ரீஆம்ப் இல்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். யார் சொன்னாலும் பிளக்கின் மூன்றாவது பின்னை மட்டும் உடைக்காதீர்கள். கிட்டார் ஸ்ட்ரிங்கில் கையும் மைக்கில் உதடும் படும்போது, ஷாக்கிலிருந்து உங்களைக் காப்பது அந்தப் பின்தான்.