நான்கு இலக்கமும் நாவடக்கமும்

நம் ஆச்சிமார் காலத்தில் ஒரு குடும்பத்தின் செல்வம் எங்கே இருந்தது என்பதை எவரும் எளிதில் அறியலாம். அறைக்குள்ளே ஒரு பெட்டகம். பெட்டகத்துக்கு ஒரு பூட்டு. பூட்டுக்குரிய திறப்போ வீட்டுத் தலைவியின் இடுப்பிலே. கள்வன் வருவதாயின் ஓடு பிரித்துத்தான் வரவேண்டும். இன்றோ சம்பளமும் ஓய்வூதியமும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும் வங்கியிலே சேர்கின்றன. அவற்றின் திறப்பு, பேர்சுக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்திக் அட்டை. கள்வன் ஓடு பிரிக்க வேண்டியதில்லை. நம் பெயரிலே நடமாடினாற் போதும். இதனையே அடையாளத் திருட்டு என்கின்றனர்.

இவ்வட்டையின் வரலாறு சுவையானது. 1960களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளரான பொரஸ்ட் பாரி, காந்த நாடாவொன்றைப் பிளாஸ்திக் அட்டையில் ஒட்ட முயன்று, வெற்றி காணாது வீடு திரும்பினார். அப்பொழுது துணிகளை அழுத்திக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்த இஸ்திரிப் பெட்டியின் சூட்டினாலேயே நாடாவை ஒட்டிப் பார்க்கலாமே என்றாராம். அட்டையின் பின்புறத்திலுள்ள காந்தப் பட்டை பிறந்த கதை இதுவே.

ஆயினும் அப்பட்டைக்கு ஒரு குறை உண்டு. அதிற் பதிந்திருப்பது என்றும் மாறாத ஒன்று. ஆகவே, ஏ.ரி.எம். இயந்திரத்தின் வாயிலே கள்ளக் கருவியொன்றைப் பொருத்தி அதனைப் பிரதி செய்வதும், நாம் அழுத்தும் இலக்கங்களை மறைவான சிறு கமராவினாற் காண்பதும் கள்வர்க்கு எளிதாயின. இதற்கு மாற்றாக வந்ததே அட்டையின் முகத்தில் மின்னும் சிப். அது ஒரு சிறு கணினி எனலாம். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அது புதியதொரு விடையைக் கணித்துக் கொடுக்கும். நேற்றைய விடை இன்று செல்லாது. ஆதலின் அதனைக் களவாடிப் பயனில்லை.

இரகசிய இலக்கமும் அத்துணை வலியதே. நான்கு இலக்கங்களால் 10,000 எண்கள் அமையும். மூன்று முறை பிழைத்தால் அட்டை முடக்கப்படுவது வழக்கம். எனினும் நம்மிற் பலர் செய்வது என்ன? பிறந்த ஆண்டையே இரகசிய இலக்கமாக்கிக் கொள்கிறோம். அதே பேர்சிலே தேசிய அடையாள அட்டையும் இருக்கிறது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அடையாள எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டன்றோ! பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் அதனையே சொல்லும். கதவைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான் இது.

பூட்டு வலுத்தபின் கள்வன் என் செய்வான்? திறப்பு உள்ளவரிடமே அதனைக் கேட்பான். நாம் அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரு நண்பகலில் தொலைபேசி அழைப்பு வந்தது.

“ரீச்சர், வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் அட்டை இன்று மாலையோடு நின்றுவிடும். புதுப்பிக்க வேண்டும், அட்டையைக் கையில் எடுங்கள்.”

பணிவான குரல், அவர் பெயரையும் ஊரையும் அறிந்த குரல். அவர் அட்டையின் முன்புறத்து 16 இலக்கங்களையும், முடிவுத் திகதியையும், பின்புறத்து மூன்று இலக்கங்களையும் வாசித்தார். ஈற்றில், குறுஞ்செய்தியாக வந்த ஓ.ரி.பி. என்னும் ஒருமுறை எண்ணையும் சொன்னார். பேர்த்தியின் படிப்புக்கென ஒதுக்கி வைத்த பணத்திற் பெரும்பகுதி சில நிமிடங்களிற் போயிற்று. அட்டையோ மேசைமீது பத்திரமாக இருந்தது!

அதனினும் வருந்தத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. “எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான் இப்படி ஏமாந்தேனே!” என்னும் நாணத்தால் அவர் மூன்று நாட்கள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒருமுறை எண் கேளாத வெளிநாட்டுக் கடைகள் சில உண்டு. எஞ்சியிருந்த பணம் அந்த மூன்று நாட்களில் அங்கே கரைந்தது.

ஆகவே முதற்காவல் நாவடக்கமே. எந்த வங்கியும் இரகசிய இலக்கத்தையோ ஒருமுறை எண்ணையோ தொலைபேசியிற் கேட்பதில்லை. கேட்பவன் எத்துணை இனிமையாகப் பேசினும் கள்வனே. தொடர்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறத்திலுள்ள வங்கி இலக்கத்துக்கு நாமே அழைத்து விசாரித்தல் வேண்டும். அட்டை தொலைந்தால் அவ்விலக்கமும் உடன் தொலையுமாதலின், வீட்டுக் குறிப்புப் புத்தகத்தில் அதனை எழுதி வைத்தல் நலம். இரகசிய இலக்கத்தை அழுத்துகையில் மறு கையால் மறைத்துக்கொள்க. பணம் கழியுந்தோறும் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் பதிந்துகொள்க. களவு நேர்ந்ததாயின் முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துக. அடுத்துப் பொலிசில் முறைப்பாடு செய்க. இத்தகைய மோசடிகளைத் தண்டிக்கவென்றே நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு சொல். வீட்டிலே கைத்தொலைபேசியை நன்கறிந்தவர்கள் நீங்களே. இன்று மாலை அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அருகிலமர்ந்து இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் என்றேனும் ஏமாந்து வந்து நின்றால், “ஏன் சொன்னீர்கள்?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துரைக்கு அஞ்சுபவர் உண்மையை மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கு ஆதாயமாகும்.

வாசலில் வந்து நின்று பெட்டகத் திறப்பைக் கேட்கும் அந்நியனுக்கு நம் ஆச்சிமார் அதனைக் கொடுத்திருப்பாரா? அவன் இப்பொழுது தொலைபேசியில் வருகிறான் என்பதே வேறுபாடு. அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய விடையையே நாமும் சொல்வோமாக.