நாட்டுக் கோழிகளின் தீனிப்பைக் கோளாறுகளும் பரிகாரங்களும்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கிராமங்களில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஸ்திரீகளின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. நிலச் சொந்தக்காரர்கள் இதனை ஒரு சில்லறை வரும்படியென்றே எண்ணுகின்றனர். ஆயினும் வயல் வரும்படி கைக்கு வராத மாதங்களில் உப்பு, புளி, பள்ளிச் செலவு முதலியவற்றிற்கு உதவுவது முட்டையும் கோழியுமே என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்.

இத்தகைய கோழி, கழுத்தடியில் பை வீங்கி, இரை எடுக்காமல் பஞ்சாரத்தருகே ஒடுங்கி நின்றால், ஒரு சாரார் அதனைத் தலைகீழாகப் பிடித்து உதறுகின்றனர். மற்றொரு சாரார் சவரக் கத்தியால் பையைக் கீறித் தைக்கின்றனர். வேறு சிலர் உடனே சந்தைக்கு அனுப்பி விடுகின்றனர். மூன்றும் பிசகு. வீங்கிய பை ஓர் அடையாளமேயன்றித் தனி வியாதியன்று. பை ஏன் காலியாகவில்லை என்பதைக் கண்டறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

தீனிப்பையின் வேலை

கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கும் தானியம், உணவுக் குழாயின் ஒரு பகுதி பையாக விரிந்துள்ள தீனிப்பையில் முதலில் தங்குகிறது. இப்பை கழுத்தின் அடியில், மார்புக்கு முன்னே, சற்று வலப்புறமாக அமைந்திருக்கும். இங்கு தானியம் நனைந்து மிருதுவாகி, சிறிது சிறிதாக இரைப்பைக்கும், பிறகு அரைவைப்பைக்கும் செல்கிறது. கோழி கொத்தி விழுங்கியுள்ள சிறு கற்களே அரைவைப்பையில் அம்மிக் குழவிபோல் நின்று தானியத்தை அரைக்கின்றன. கீழே அரைவை நின்றாலும், வழி அடைபட்டாலும், நரம்பு தளர்ந்தாலும் மேலே பை நிரம்பியே நிற்கும்.

விடியற்காலைச் சோதனை

ஆரோக்கியமான கோழியின் பை மாலையில் நிறைந்தும், விடியற்காலையில் காலியாகவும் இருக்கும். ஆதலால் சந்தேகப்பட்ட கோழியை இரவில் தனியே அடைத்து, தீனி வைக்காமல், விடிந்ததும் இரை போடுவதற்கு முன் விரல்களால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். மாலையில் மட்டும் பருத்துக் காலையில் வற்றிய பைக்கு எவ்வித வைத்தியமும் வேண்டியதில்லை. காலையிலும் நிறைந்திருந்தால் பின்வரும் பேதங்களைக் கவனிக்கவும்.

கட்டிப்போன பை

பை கெட்டியாகப் பந்துபோல் தட்டுப்படும். கோழி கழுத்தை நீட்டி நீட்டிச் சுருக்கும். நீண்ட புல், வைக்கோல் கூளம், வாழை நார், கயிற்றுத் துண்டு முதலியன உள்ளே சிக்கிப் பின்னிக் கொள்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். திராட்சைப் பந்தல்களில் கொடி கட்டும் பிளாஸ்டிக் கயிற்றின் நறுக்குகளையும் கோழிகள் புழுவென்று கருதி விழுங்கி விடுகின்றன.

மற்றொரு காரணம் களத்து நெல். 1895-ம் வருஷத்தில் முல்லைப் பெரியாறு அணை முடிந்தபின், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாக விளங்கி வருகிறது. அறுவடைக் காலத்தில் பசித்த கோழி உலர்ந்த நெல்லை அளவின்றித் தின்று தண்ணீர் குடித்தால், தானியம் உப்பிப் பையை அடைத்துவிடும். பயிரைக் கொத்தாமலிருக்க வாரக்கணக்கில் அடைத்து வைத்த கோழிகளுக்குச் சிறு கல் கிடைக்காமற் போவதால் அரைவையும் குன்றுகிறது.

பரிகாரம்: வளர்ந்த கோழிக்கு ஒரு நாள் வரை தீனியை நிறுத்தி, சுத்தமான தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 மில்லி, எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கின் அடியருகே மூச்சுக் குழாயின் வாய் திறந்திருப்பதால், ஒரே மூச்சில் ஊற்றினால் எண்ணெய் நுரையீரலில் புகுந்து கோழி இறக்க நேரும். பிறகு விரல்களால் பையை மெதுவாகப் பிசைந்து கட்டியை உடைக்க வேண்டும். தினம் மூன்று நான்கு முறை, ஐந்து நிமிஷம் வீதம் செய்தல் நலம். இளகினால் குழைந்த சோறு அல்லது கேழ்வரகுக் கஞ்சியைச் சிறிது சிறிதாக இரண்டு மூன்று நாட்கள் கொடுத்துவரலாம். இரண்டு நாட்களில் இளகாவிடில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பையைத் திறந்து நாரை எடுக்கும் சிகிச்சை உண்டு. அது மருத்துவர் கையால் மட்டுமே செய்யத்தக்கது.

புளித்த பை

பை மிருதுவாகத் தண்ணீர்த் துருத்திபோல் அசையும்; வாயிலிருந்து புளித்த துர்நாற்றம் வீசும். தேங்கிய இரையில் காண்டிடா என்னும் பூஞ்சை பெருகுவதே இதன் காரணம். பூசணம் பிடித்த தீனி, நாட்பட்ட கட்டு ஆகியவை இதற்கு இடந்தரும். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அறியாமை. அது பூஞ்சையை அடக்கிவரும் நல்ல கிருமிகளைக் கொன்று வியாதியை வளர்க்கும். தலைகீழாகப் பிடித்து நீரை வடிப்பதும் மூச்சடைப்பை உண்டாக்கும்.

திராட்சைத் தோட்டக்காரர்கள் ஒரு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம் பூஞ்சைக்கு எமன் என்று கருதி அதனைக் கோழியின் தண்ணீரிலும் கலக்கலாகாது. அளவு மிஞ்சினால் அதுவே கோழிக்கு விஷமாகும். இதற்கென நிஸ்டாடின் முதலிய மருந்துகளை மருத்துவர் கொடுப்பார்.

தொங்கும் பை

பையின் தசை தளர்ந்து மார்புக்குக் கீழே தொங்கும். இது முற்றிலும் குணமாவது அரிது. இரையைச் சிறு பங்குகளாகக் கொடுத்துச் சிலகாலம் காப்பாற்றலாம். இத்தகைய கோழியின் முட்டையை அடைவைக்கத் தேர்ந்தெடாமலிருப்பது சிலாக்கியம்.

பை நிரம்பினாலும் பையில் கோளாறில்லாதவை

எல்லாவற்றினும் முக்கியமானது இப்பகுதியே. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கேத் நோயிலும் பை நீரால் நிரம்பி நிற்பதுண்டு. 1926-ம் வருஷத்தில் ஜாவாவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகிலும் காணப்பட்ட இந்நோய், பின்னர் இந்தியாவில் இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூரின் பெயரைப் பெற்றது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிதல், வாய் திறந்து மூச்சுவிடல், வாயில் கோழை, கழுத்துத் திருகல், கால் விழுதல், அடுத்தடுத்துப் பல கோழிகள் சாதல் ஆகியவை இதன் குறிகள். இதற்குச் சிகிச்சை கிடையாது. ஒரு கோழியின் பையைப் பிசைந்துகொண்டிருக்கும் நேரத்தில் தெரு முழுவதும் கோழிகள் மடிந்துபோகும். ஆகவே பையைத் தொடுமுன் எச்சத்தைப் பார்ப்பதும், சந்தேகப்பட்ட கோழியைத் தனியே வைப்பதும், கையைக் கழுவியபின்னரே மற்றவற்றிற்குத் தீனியிடுவதும் கட்டாயம்.

பூச்சி மருந்து தெளித்த இடத்திலும், மருந்து கலந்த விதையிலும் மேய்ந்த கோழிக்கும் பை தேங்கும்; எச்சில் ஒழுகும்; உடல் நடுங்கும். இதற்கு மாற்று மருந்து மருத்துவரிடம் உண்டு. தாமதம் கூடாது. அக்கோழியின் இறைச்சியையும் முட்டையையும் உண்ணலாகாது.

வருமுன் காக்கும் வழிகள்

அடைத்து வளர்க்கும் கோழிகளுக்குக் குறுமணலும் பொடிக்கல்லும் ஒரு சட்டியில் எப்பொழுதும் வைத்திருக்க வேண்டும். கிளிஞ்சல் கரைந்துவிடுவதால் கல்லுக்கு ஈடாகாது. களத்தில் விடுமுன் சிறிது இரையும் தண்ணீரும் கொடுத்தால் பேராசையோடு தின்னா. கயிற்று நறுக்குகளைக் கூட்டி அப்புறப்படுத்துவதும் அவசியம். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், 8 வாரம் கடந்தபின் தடுப்பூசியும் இராணிக்கேத் நோயைத் தடுக்கும். தடுப்பு மருந்து ஆரோக்கியமான கோழிகளுக்கே பயன்படும். நோய் கண்டபின் தேடுவதில் பயனில்லை.

கிராம அதிகாரிகளுக்கு

2009-ம் வருஷத்திய கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இராணிக்கேத் நோயும் பறவைக் காய்ச்சலும் சேர்ந்துள்ளன. இவற்றைச் சந்தேகிக்கும் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் வாயிலாகச் செய்தி அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் செல்ல வேண்டும். ஒரே தெருவில் பல கோழிகள் மடிவது தெரிந்தவுடன் அதிகாரிகள் தாமே விசாரித்தல் நலம். செத்த கோழிகளை வாய்க்காலில் எறிய விடாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கச் செய்ய வேண்டும். வாய்க்காலில் எறிந்தது கீழூருக்கே நோயைச் சுமந்து செல்லும்.

கட்டிப்போன பை ஒரு கோழியின் நஷ்டம்; அதுபோல் தோன்றும் கழிச்சல் ஓர் ஊரின் நஷ்டம். இரண்டையும் பிரித்தறிய விடியற்காலையில் சில நிமிஷம் செலவிடுவதே போதுமானது.