உங்களுக்குத் தெரியுமா? கொழுப்பு வெறும் சுமையல்ல

பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்தது. வழியில் இரை கிடையாது. உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்புதான் முக்கிய எரிபொருள். கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையை மட்டும் நம்பியிருந்தால் அது தரையைவிட்டே எழும்பியிருக்காது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி. கிளைக்கோஜனில் 4தான், அதுவும் தன் எடையைப்போல ஏறக்குறைய 3 மடங்கு நீரையும் சேர்த்துச் சுமக்கிறது. கொழுப்புக்கு அந்த ஈரச்சுமை இல்லை. கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் பாருங்கள்: ஒரே பெரிய எண்ணெய்த் துளி உள்ளே நிறைந்து, உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். இவ்வளவு கச்சிதமான சேமிப்பை வேண்டாத சதை என்று ஒதுக்குவது சரியல்ல.

அப்படியானால் கிளைக்கோஜன் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பட்டினியில் இன்சுலின் குறைந்ததும் துளியிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்து, ரத்தம் வழியே தசைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை அடைந்து, அங்கே ஆக்சிஜனோடுதான் எரிய வேண்டும். திடீரென ஓட்டமெடுக்கும் கால்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆக்சிஜன் போதாத அந்த நொடிகளிலும் கைகொடுப்பது கிளைக்கோஜன்தான். மூளையும் கொழுப்பு அமிலங்களைப் பெரிதாக எரிப்பதில்லை. அது குளுக்கோஸையும், நீண்ட பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து ஆக்கித்தரும் கீட்டோன்களையும் கொண்டே வேலையை நடத்துகிறது.