பெர்மிட்டில் யார் பெயர்?

சென்ற மாதம் காலை நிகழ்ச்சிக்கு லாபு பக்கமிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டு கேட்க அல்ல. பொறியியல் படித்த அவருடைய மகனுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஸ்பான்சர் சான்றிதழுக்கென்று ஏஜென்ட் 30,000 ரிங்கிட் கேட்கிறாராம். “வீட்டை அடகு வைக்கலாமா தம்பி?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. “விசாரித்துச் சொல்கிறேன்மா” என்று ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டேன்.

அன்று மாலை ரந்தாவில் பாட்டியிடம் இதைச் சொன்னேன். நாற்பது வருடம் பால்மரம் சீவியவர். பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. “பெர்மிட்டுல யாரு பேருடா இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் அவருடைய அண்ணன் இருக்கிறார்.

நம் முன்னோர் வந்ததும் ஒருவகை ஸ்பான்சரில்தான். தோட்ட நிர்வாகி கொடுத்த லைசென்சோடு கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய் ஆள் கட்டுவார். நாகப்பட்டினத்திலோ சென்னைக்கு அருகே ஆவடியிலோ முகாமில் இருந்துவிட்டுக் கப்பலேறுவார்கள். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் போனால் காசும் போகும். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது.

வந்தவர்கள் நெகிரியின் ரப்பர் காடுகளிலேயே குடும்பம் நடத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. பத்திரங்கள் இல்லை, மலாய் மொழித் தேர்வு பயம், ‘வேலைதான் இருக்கிறதே’ என்ற எண்ணம். சிவப்பு அடையாள அட்டையோடு காலம் போனது.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறுவருடம் அமலுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை கொடுக்கக் கூடாது. வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த நாட்களில் தோட்டங்களிலிருந்து இந்தியா திரும்பியவர்கள் ஏறக்குறைய 60,000 பேர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாட்டியின் அண்ணனும் அவர்களில் ஒருவர். பாட்டியிடம் நீல அட்டை இருந்தது. அவர் தங்கிவிட்டார்.

இன்று அதே நெகிரி தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் முதலாளி பெயரில் வந்த பெர்மிட்டில்தான் இருக்கிறார்கள். பட்டதாரிகளின் ஸ்பான்சர் விசாவும் அடிப்படையில் அதுவே. சம்பளம்தான் வேறு.

பிரிட்டனின் திறன்மிகு தொழிலாளர் விசாவில் வேலை போனால், பொதுவாக 60 நாட்களுக்குள் புதிய ஸ்பான்சரோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாட்கள் வரை அவகாசம் தருகிறது. சிங்கப்பூரில் எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் இரண்டுக்கும் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் அவர் காசு வாங்குவது அங்கே குற்றம்.

பிரிட்டனிலும் விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம் ஆகியவற்றைத்தான் விண்ணப்பதாரர் தலையில் வைக்கலாம். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் ஸ்பான்சர் சான்றிதழின் கட்டணத்தை நிறுவனம் அவரிடம் வசூலிக்கக் கூடாது. ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசாங்கமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது.

எழுத்துக்கூடத் தெரியாத கூலிக்காரரின் கப்பல் செலவு அன்று முதலாளிகளின் நிதியில் போனது. இன்று நம் பட்டதாரிப் பிள்ளை சான்றிதழுக்கே வீட்டை அடகு வைக்கப் பார்க்கிறான். இது எந்த ஊர் முன்னேற்றம்?

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தாக்கள் போனதால்தான் நாம் இங்கே இருக்கிறோம். ஆனால் கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். உரிமம் யார் பெயரில்? எந்தச் செலவு யாருடையது? வேலை போனால் எத்தனை நாள் அவகாசம்? நிரந்தர வசிப்புரிமைக்கு வழி உண்டா?

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். மகனோடு சேர்ந்து பட்டியலைத் தேடினோம். ஏஜென்ட் சொன்ன நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. மகன் அப்பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு இப்போது தானே விண்ணப்பிக்கிறான்.

வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கிறது.