மாரிக் குளிருக்குச் சுட்ட பூசணிச் சூப்

ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழிவரை வடக்கையும் கிழக்கையும் நனைக்கிறது. அதன் பின்னால் தைப்பனி வருகிறது. இந்த நாட்களில் முதியவர்களும் பிள்ளைகளும் சூடாக ஏதாவது கேட்பார்கள். உடனே கைக்கு வருவது தேநீரும் சீனியும்தான். அது சற்று நேரம் குளிரைப் போக்கும், ஊட்டம் தராது. ஒரு துண்டு மஞ்சள் பூசணியும், சமைத்து முடிந்த அடுப்பில் எஞ்சிய தணலும் இருந்தால் அதைவிட நல்ல பானம் ஒன்றை நாமே செய்துகொள்ளலாம்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. விறகு பொறுக்கும் சிரமம் பெண்களுக்குத்தான் தெரியும். அப்படித் தேடிய விறகின் தணலை வீணே ஆறவிடலாமா?

ஏன் சுட வேண்டும்?

100 கிராம் பூசணியில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். அதனால்தான் அவித்த பூசணி சப்பென்று இருக்கிறது. சுடும்போது நீர் வற்றி இனிப்புத் திரளும். ஓரங்கள் சிவந்து மணம் ஏறும். கடையில் விற்கும் சூப் கட்டி தேவைப்படாது.

பூசணிக்கு மஞ்சள் நிறம் தரும் சத்து உடலில் விற்றமின் ஏ ஆக மாறிக் கண்ணுக்கும் நோயெதிர்ப்புக்கும் உதவுகிறது. கொழுப்புடன் சேர்த்து உண்டால்தான் அது உடலில் நன்கு சேரும். ஆகவே தேங்காய்ப்பால் சேர்க்கிறோம். புரதத்துக்குப் பருப்பு.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

மஞ்சள் பூசணி – அரைக் கிலோ
மைசூர்ப் பருப்பு – 1 கைப்பிடி
சின்ன வெங்காயம் – 6
உள்ளி – 4 பல்
இஞ்சி – சிறு துண்டு
மிளகு, நற்சீரகம் – அரைத் தேக்கரண்டி வீதம்
தேங்காய் – பாதி (முதற்பால் அரைக் கோப்பை, இரண்டாம் பால் 2 கோப்பை)
கறிவேப்பிலை, உப்பு, தேசிக்காய் – அளவாக

செய்முறை

பூசணியைத் தோலுடன் பெரிய துண்டுகளாக வெட்டி விதையை நீக்குங்கள். தோல் பக்கம் கீழே இருக்கும்படி தணலில் வையுங்கள். சாம்பல் ஒட்டாமலிருக்க வாழையிலையில் சுற்றியும் வைக்கலாம். வெங்காயத்தையும் உள்ளியையும் தோலுடன் பக்கத்தில் போடுங்கள். அவை முதலில் வெந்துவிடும். ஈர்க்கு இலகுவாக இறங்கினால் பூசணி வெந்துவிட்டது. கருகிய தோலை உரித்துவிடுங்கள். தணல் இல்லாதவர்கள் சிறு துண்டுகளாக்கி, தடித்த சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சிவக்க வாட்டலாம். அடுப்பு மூட்டப் பொலித்தீன் எரிக்க வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது.

பருப்பை ஒரு கோப்பை தண்ணீரில் குழைய அவியுங்கள். மிளகு, சீரகம், இஞ்சியை அம்மியில் அரைத்தெடுங்கள். சுட்டவற்றை மசித்துப் பருப்புடன் சேர்த்து, அரைத்த கூட்டு, இரண்டாம் பால், கறிவேப்பிலை, உப்பு இட்டுக் கொதிக்க விடுங்கள். கடைசியில் முதற்பால் விட்டு, கொதி வருமுன் இறக்குங்கள். கொதித்தால் பால் திரைந்துவிடும். இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்ததால் அன்றே குடித்துவிட வேண்டும்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சுட்ட பூசணியை உப்பு, மிளகு சேர்க்குமுன் எடுத்து மசித்து ஊட்டலாம். நீரிழிவு உள்ளவர்கள் சோற்றின் அளவைக் குறைத்து ஒரு கோப்பை குடிக்கலாம்.

காயும் விதையும்

அறுவடைக் காலத்தில் பூசணி மலிவாகக் கிடைக்கும். அயலவர் இருவர் மூவர் சேர்ந்து முழுக்காய்களாக வாங்கிப் பங்கிடுங்கள். காம்பு முறியாத, காயம்படாத முற்றிய காயை ஈரமில்லாத நிழலில், பலகைமேல் வைத்தால் இரண்டு மாதமளவும் பழுதாகாது. விதைகளைக் கழுவி, காயவைத்து, வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

உங்கள் கோப்பை எங்கே?

எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சட்டியின் அடியை வழித்துக் குடிப்பது நம்மில் பலருக்குப் பழகிப்போய்விட்டது. போரில் துணையை இழந்து, தனியாக உழைத்துக் குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். அவர்கள் பாயில் படுத்தால் அன்று அந்த வீட்டில் அடுப்பும் எரியாது. உங்கள் உடல்தான் உங்கள் வீட்டின் முதல். ஆகவே கோப்பைகளை அடுக்கும்போதே உங்களுடையதையும் சேர்த்து அடுக்குங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, சூடு ஆறுமுன் நீங்களும் குடியுங்கள்.