ஒரே வரி, நான்கு முறை

‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) படத்தில் முதிய பேராசிரியர் ஒரு கவிதை சொல்வார். வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் எழுதியது, 1951இல் அச்சேறியது. சாவுக்கு அடங்கிப் போய்விடாதே, சினந்து எதிர்த்து நில் என்று பார்வை மங்கிய அப்பாவிடம் மகன் மன்றாடுகிறான். இத்தனை ஆவேசத்தைச் சொல்ல தாமஸ் எடுத்துக்கொண்டது, ஆங்கிலத்தின் மிக இறுக்கமான வடிவங்களில் ஒன்றான வில்லனெல்.

மொத்தம் 19 வரி. மூன்றடிப் பத்திகள் ஐந்து, முடிவில் ஒரு நான்கடி. முதல் வரி 6, 12, 18ஆம் இடங்களில் அப்படியே திரும்பி வரவேண்டும். மூன்றாம் வரி 9, 15, 19இல். வரிகள் முடியும் ஒலிகளும் இரண்டே. நம் யாப்பில் இதை இயைபு என்போம். இங்கே அந்த ஒலிகளைத் தொடங்கிவைக்கும் சொற்கள் இரவும் பகலும். 13 வரிகள் இரவின் பக்கம், ஆறே வரிகள் பகலின் பக்கம். இந்தக் கணக்கு வடிவம் விதித்தது. எந்த ஒலியை எங்கே வைப்பது என்பது கவிஞரின் கைவேலை. ஆங்கிலத்தில் ‘லைட்’ என்ற ஒளியும் ‘நைட்’டோடுதான் இயைகிறது என்பது அவருக்கு வாய்த்த வசதி.

பல்லவிபோலத் திரும்பும் வரிகள் சலிக்க வேண்டுமே, ஏன் சலிப்பதில்லை? ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கும், பன்மை எழுவாய் ஏற்கும் நிகழ்கால வினைக்கும் ஒரே உருவம். முதல் பத்தியில் கட்டளையாக ஒலித்த வரிகள், நடுவிலுள்ள நான்கு பத்திகளில் ஞானிகள், நல்லவர்கள், கட்டற்றவர்கள், சாவின் விளிம்பில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் செய்தியாகிவிடுகின்றன. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்பாவை நேராக விளிக்கும் கடைசிப் பத்தியில் அவையே மறுபடி கட்டளை. இப்போது அதில் கெஞ்சலும் இருக்கிறது. கவிதையின் மிகப்பெரிய சாமர்த்தியம் இதுதான் என்பேன்.

சந்தத்திலும் ஒரு மீறல் உண்டு. ஆங்கில யாப்பு குறில் நெடில் பார்க்காது, அழுத்தம் பார்க்கும். இந்தக் கவிதையில் வரிக்குப் பத்து அசை. மெலிந்தது, வலிந்தது என ஐந்து இணை. திரும்பி வரும் இரண்டாவது வரியோ ஓரசைச் சொல் ஒன்றை அடுத்தடுத்து இருமுறை வலித்துத் தொடங்கும்.

1952 பிப்ரவரியில் நியூயார்க்கில் தாமஸே இதை வாசித்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. அந்த டிசம்பரில் அப்பா இறந்தார். அடுத்த நவம்பரில், 39 வயதில், மகனும். கேட்கும்போது 15ஆம் வரியையும் 19ஆம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.