சுவரில் பேய் எழுத்து!

லண்டனில் ஸ்டோக் நியூவிங்டன் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் சுவரில், 'பவுண்டன் பேனா பழுது பார்க்கப்படும்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதி வைத்தவர்கள் வாக்கர் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள். பேனாவை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள் குட்டீஸ், கடை எப்போதோ மூடியாகிவிட்டது! எழுத்து மட்டும் மங்கலாக நிற்கிறது. பேனா கெட்டால் தூக்கிப் போடாமல், ரிப்பேர் செய்ய ஒரு தனிக்கடையே இருந்தது என்பதை அந்தச் சுவர்தான் நமக்குச் சொல்கிறது.

இந்த மாதிரி விளம்பரங்களுக்கு 'கோஸ்ட் சைன்' என்று பெயர். பேய் எழுத்து!

மழையிலும் வெயிலிலும் இது அழியாதது எப்படி? அந்தக்கால பெயிண்டில் ஈய வெள்ளையும் ஆளி விதை எண்ணெயும் கலந்திருக்கும். அது செங்கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில இடங்களில் ஒரு விளம்பரத்தின் மேலேயே இன்னொன்றை எழுதியிருப்பார்கள். மேலே இருப்பது வெளுக்க வெளுக்க, அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். இரண்டும் கலந்துவிட்டால் வாசிப்பதே ஒரு விடுகதைதான்.

அவ்வளவு பெரிய எழுத்தைக் கோணாமல் எழுதியதும் ஒரு வித்தை. முதலில் காகிதத்தில் எழுத்தை வரைந்து, கோட்டின் மேல் வரிசையாக ஊசித் துளை போடுவார்கள். காகிதத்தைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணி மூட்டையால் தட்டினால், துளை வழியே தூள் இறங்கிச் சுவரில் புள்ளிக்கோலம் விழும். பிறகு பிரஷ் வேலை.

ஆனால், கட்டடத்தை இடித்தால், அல்லது புதிதாகப் பூசினால், ஒரே நாளில் எல்லாம் போச்சு! அதனால், சாம் ராபர்ட்ஸ் என்பவர் 2006-ல் இவற்றைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கினார். பிரிட்டனின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். 2010-ல் விளம்பர வரலாற்று அறக்கட்டளை அந்தப் படங்களை ஆவணக் காப்பகமாக்கியது.

மங்கிய எழுத்தின் மேலேயே புது பெயிண்ட் அடித்தால் என்ன என்கிறீர்களா? அப்படியும் செய்கிறார்கள். அமெரிக்காவின் கார்ட்டர்ஸ்வில் ஊரில், 1894-ல் சுவரில் எழுதிய கோகோ கோலா விளம்பரம் இன்று பளிச்சென்று இருக்கிறது. அழகுதான். ஆனால், புது பெயிண்ட் ஏறிவிட்டால் பழைய பெயிண்டரின் கைவண்ணம் மறைந்துவிடுமே! அதனால், எனக்கென்னவோ மங்கலாகவே விட்டு வைப்பதுதான் பிடித்திருக்கிறது.

உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இப்படி ஒரு சுவர் இருக்கலாம். அதன் வயதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் ஆகுங்கள். விலை 'அணா'வில் இருந்தால், அது 1957-ல் புதிய காசு முறை வருவதற்கு முந்தைய விளம்பரமாக இருக்கலாம். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? அப்படியானால் 1972-க்கு முன்னால் எழுதியிருக்க முடியாது. ணை, லை, ளை, னை எழுத்துகளின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருந்தால், குஷியாகிவிடுங்கள்! 1978-ல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அப்படித்தான் எழுதினார்கள். பழக்கத்தை விடாமல் பிறகும் எழுதியவர்கள் உண்டு என்பதால், ஒரே ஒரு துப்பை நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களோடு போய், எதிர்ச் சாரியில் நின்று முழுச் சுவரையும் படம் எடுங்கள். தெருப் பெயர், தேதி, எழுத்தில் உள்ள வாசகம் எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். பக்கத்துக் கடைத் தாத்தாவிடம் கேட்டால் கதையும் கிடைக்கலாம். சுவரைச் சுரண்டாதீர்கள், பழைய பெயிண்டில் உள்ள ஈயம் விஷம். மழை விட்டதும் போனால் இன்னும் நல்லது. ஈரச் சுவரில் மங்கிய எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.